ஆறு மணி வரிசை

கடிகாரம் ஐந்தரை காட்டியது. அது பொய் என்று தையல்காரிக்குத் தெரியும். முள்ளை அரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைத்ததே அவள்தான்.

எதிரே மாப்பிள்ளையின் அம்மாவும் அப்பாவும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கலகலப்பு. அப்பா கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். பேச்சு கல்யாணத் தேதி வரைக்கும் வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் தள்ளிவிட்டால் கரை சேர்ந்துவிடலாம்.

அவள் வீட்டுக்காரர் எழுந்தார். யாரையும் பார்க்காமல் வாசலுக்குப் போனார்.

கடிகாரத்தை ஏமாற்றலாம். எதிரியின் முகாமில் நான்கு வருடம் கைதியாக இருந்துவிட்டு வந்தவரின் உடம்பை ஏமாற்ற முடியுமா?

அங்கே தினமும் ஆறு மணிக்கு வரிசையில் நிறுத்தித் தலை எண்ணுவார்களாம். எண்ணிக்கை சரியாக வராமல் ஒருவரும் உள்ளே போக முடியாதாம். சண்டை முடிந்து இருபத்தைந்து வருடமாகிறது. மனுஷர் இன்னும் ஆறு மணிக்கு வாசல் சுவரோரம் போய் நிற்கிறார்.

ஆரம்பத்தில் அவள் அழுதாள். பிறகு திட்டினாள். ஒருநாள், நீங்களே போய் நில்லுங்கள் என்று உள்ளேயே இருந்துகொண்டாள். அடுத்த எண் சொல்ல ஆளில்லாமல் கொட்டுகிற மழையில் இரண்டு மணி நேரம் நின்றார். அன்றிலிருந்து அவளும் போய் நிற்பாள். நடக்கப் பழகியதும் மகளும் வந்து ஒட்டிக்கொண்டாள். அவர் ஒன்று, இவள் இரண்டு, மகள் மூன்று. எண்ணி முடித்ததும் உள்ளே வந்து அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். தெருவில் அவர்கள் வீட்டுக்குப் பட்டாளத்து வீடு என்றே பெயர்.

இன்று மட்டும் எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். தெரு சிரித்தால் சிரிக்கட்டும். சம்பந்தி வீடு சிரித்தால் மகள் கதி என்ன?

ஜன்னலில் அவர் முதுகு தெரிந்தது. கைகள் தொடையோடு ஒட்டியிருந்தன.

"ஒண்ணு."

மாப்பிள்ளையின் அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். ஆனால் இரண்டு சொல்லாமல் மூன்று எப்படிச் சொல்வாள்?

தையல்காரியால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. ஆனது ஆகட்டும் என்று போய்ப் புருஷன் பக்கத்தில் நின்றாள். வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது.

"ரெண்டு."

"மூணு," என்றாள் மகள்.

முடிந்தது. கல்யாணப் பேச்சும் அதோடு முடிந்தது என்று தையல்காரி நினைத்துக்கொண்டாள்.

அப்போது மகளுக்கு அந்தப் பக்கம் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. மாப்பிள்ளையின் அப்பா. நெஞ்சை நிமிர்த்தி, கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, நேரே பார்த்தபடி நின்றார்.

"நாலு."

இருபத்தைந்து வருடத்தில் முதல்முறையாக, வரிசையில் நிற்கும்போது அவள் வீட்டுக்காரர் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

மாப்பிள்ளையின் அம்மா நிதானமாக வந்து தையல்காரியின் காதருகே குனிந்தாள்.

"எங்க வீட்டுல காலையிலயும் உண்டு, சம்பந்தி."