பால்பல் தடம்

டிஃபன்பேக்கியா செடியின் சாறு நாக்கில் பட்டால் வாய் வீங்கிப் பேச்சு நின்றுவிடும். அதனால் சிட்லபாக்கம் வீட்டில் ரோஹிணி அதை உயரமான பீரோ மேல் வைத்திருந்தாள். கிளவுஸ் இல்லாமல் தொடமாட்டாள். மகன் அனிருத்துக்கு நான்கு வயதாகியும் பேச்சு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஓர் இலையில் பால்பல் தடம் இருந்தது. பதறிப்போய் மகன் வாயைத் திறந்து பார்த்தாள். வீக்கம் இல்லை. தூக்கம் கலையாத கண்களோடு, "அம்மா," என்றான்.

புதன்கிழமை இன்னோர் இலை பாதி காணவில்லை. "அம்மா, பசிக்குது," என்றான்.

"அவ்ளோ உசரம் எப்டிடி ஏறுனான்? குரங்கா இவன்?" கணவன் ஷ்யாம்சுந்தர் நாற்காலியை இழுத்தான். "மொதல்ல இந்தச் செடியத் தூக்கிப் போடறேன்."

"இரு ஷ்யாம். இன்னும் மூணு இலைதான் இருக்கு."

சனிக்கிழமை ராஜகீழ்ப்பாக்கம் நர்சரியிலிருந்து அதே செடியில் ஆறு தொட்டிகள் வாங்கிவந்து, கூடத்துத் தரையில் வரிசையாக வைத்தாள்.