மாதாவின் முக்காட்டில் மூன்று தாமரைகள்

லிங்கராஜபுரத்தில் தூறல் விட்டிருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் ஜெசிந்தா மாதா படத்துக்குக் கடைசிக் கோடுகளைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள். முட்டை மஞ்சள் கருவில் குழைத்த நிறம் சட்டென்று காய்ந்துவிடும். அதனால் மெல்லிய கோடுகளாகத்தான் தீட்ட வேண்டும். மரபுப்படி மாதாவின் முக்காட்டில், நெற்றிக்கு மேல் ஒன்றும் தோள்களில் இரண்டுமாக மூன்று நட்சத்திரங்கள் இருக்கும். அந்த இடங்களில் அவள் தாமரை வைத்திருக்கிறாள். முக்காட்டின் கரையில், இருபத்துநான்கு ஆரங்களோடு குட்டிக் குட்டிச் சக்கரங்கள் பொன்தாளில் மினுங்குகின்றன. குழந்தை இயேசுவின் கையில் மயிலிறகு. சுதந்திரப் பொன்விழாத் திருப்பலிக்காகப் பங்குக் கோயிலில் கேட்ட படம். வந்தவர்கள் வெறுமனே பார்த்துவிட்டுப் போவார்களா, இல்லை இதன் முன் யாராவது மண்டியிடுவார்களா என்பதுதான் அவள் கவலை.

தங்கவயலிலிருந்து காலை ரயிலில் வந்த அக்கா பிலோமினா ஈரக் குடையோடு எட்டிப் பார்க்கிறாள். "இன்னாடி இது? மாதாவா, ஆகஸ்ட் பதினஞ்சு வாழ்த்து அட்டையா?" ஜெசிந்தாவின் தூரிகை நின்றுவிடுகிறது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிகிறாள். தாமரையையும் சக்கரத்தையும் தாண்டிப் போன பார்வை குழந்தையிடம் நிற்கிறது. "ஏண்டி, இவ்ளோ நீட்டு இறகைக் கையில குடுத்துட்டு மாதா எங்கயோ பாத்துனு இருக்காங்களே! புள்ள கண்ணுல குத்திக்கப் போறான்." "இனிமே பாத்துக்குவாங்கக்கா" என்று சிரித்தபடி, ஜெசிந்தா இறகின் நுனியைக் குறைக்கத் தூரிகையை நனைக்கிறாள்.