ஓட்டைப் பேப்பர்

இன்றைக்கும் பேப்பரில் ஓட்டை. அதுவும் அரைப் பக்கத்துக்கு.

இசைவாணி பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பத்து நாளாகச் சண்டைச் சேதி வரும் இடத்தில் தீப்பெட்டி அளவு, உள்ளங்கை அளவு என்றுதான் வெட்டியிருந்தார்கள். இன்றைக்கு அரைப் பக்கமே போயிருக்கிறது என்றால் கார்கிலில் என்னவோ பெரிதாக நடந்திருக்கிறது.

அங்கேதான் அவள் கணவன் செழியன் பட்டாளத்தில் இருந்தான். அவனிடமிருந்து கடிதம் வந்து இருபத்தாறு நாள் ஆகிறது. தானாக ஒரு பேப்பர் வாங்கிப் பிரித்துப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. வேலைக்கு வந்த இடத்தில் பார்ப்பதோடு சரி.

வேலை என்றால் நாட்டு நடப்புச் சொல்லிக்கொடுப்பது. திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் மலைச்சாமி ஒரு தனி ரகம். "பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணச் சொல்றாய்ங்க, உலகத்தைச் சொல்லித்தர மாட்டேங்குறாய்ங்க" என்று மகளையும் மகனையும் நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கிறார். பிள்ளைகளோடு உட்கார்ந்து பேப்பரை வாசித்து, எது ஏன் நடந்தது என்று விளக்கத்தான் இசைவாணி.

உலகத்தைச் சொல்லித்தரச் சொன்ன மனுஷனே உலகத்தில் ஓட்டை போட்டால் எப்படி?

"இந்த இடத்துல என்ன இருந்துச்சு, மதி?"

பதினைந்து வயதுத் தமிழ்மதி தம்பியைப் பார்த்தாள். தம்பி விக்னேஷ்குமார் தரையைப் பார்த்தான்.

"சினிமா விளம்பரம்க்கா."

"முதல் பக்கத்துலயா?"

கடைக்குக் கிளம்பிய மலைச்சாமி சட்டைப் பொத்தானைப் போட்டபடி வந்தார்.

"நான்தான் வெட்டுனேன் டீச்சர். சண்டைச் சேதி. பிள்ளைக பயந்துக்கிரும்."

"இம்புட்டு வளர்ந்த பிள்ளைகளா பயந்துக்கிரும்? நாடே அதைத்தானே பேசுது? அதை விட்டுட்டு மல்லிகைப்பூ விலையவா சொல்லிக்குடுக்க?"

"கோவப்படாதீங்க. உக்காருங்க."

"உக்காரல. வெட்டுனதைக் குடுங்க. இல்லாட்டி நாளையிலருந்து நான் வரல."

"அது... அடுப்புல போட்டாச்சு."

பொய் என்று அவர் முகமே சொன்னது. பிள்ளைகளிடம் மறைக்கிறாரா, என்னிடம் மறைக்கிறாரா? தந்தி வருவதற்கு முன்னாலேயே பேப்பரில் பேர் வந்துவிடுமோ?

விறுவிறுவென்று வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் ஒரு பேப்பர் கிடைக்காதா என்ன?

"அக்கா, நில்லுங்க!"

தமிழ்மதி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவோடு ஓடிவந்தாள்.

"அப்பா வெட்டல. நாங்கதான் தினம் நீங்க வர்றதுக்கு முன்னால வெட்டுனோம். நீங்க எங்களை வையக்கூடாதுன்னு அவரு பழியைத் தூக்கிப் போட்டுக்கிட்டாரு."

"ஏன்டி இப்படிப் பண்ணுனீங்க?"

"அன்னைக்கு, செத்துப்போனவங்க பேரை எங்களுக்கு வாசிச்சீங்கள்ல? ஒவ்வொரு பேருக்கும் உங்க விரல் அப்படி நடுங்குச்சுக்கா. அக்கா இனிமே அதைத் தேட வேணாம், அந்த வேலையை நாமளே பாத்துருவோம்னு தம்பிதான் சொன்னான்."

இசைவாணி டப்பாவைத் திறந்தாள். பத்து நாள் துண்டுகளுக்கு மேலே இன்றைய அரைப் பக்கம் இருந்தது. சண்டையில் இதுவரை உயிர்விட்டவர்களின் பட்டியல். ஒரு பேர் விடாமல் பக்கத்தில் பென்சிலால் டிக் அடித்திருந்தது.

அடியில் விக்னேஷ்குமாரின் கோணல் எழுத்து.

"ரெண்டு தடவ வாசிச்சாச்சு. மாமா பேரு இல்ல."