வன்னிக்குப் பதில் வன்னி

14 மே 2058. எங்கள் மேய்ச்சல் நிலத்தின் ஒரே நிழலை நேற்று அரசு இயந்திரம் வேரோடு பிடுங்கிவிட்டது. அயல்மரங்களை அகற்றுவதை நான் எதிர்ப்பவன் அல்லேன். சீமைக்கருவேலம் ஒழியத்தான் வேண்டும். பிடுங்கப்பட்டதோ நூறாண்டு கண்ட வன்னி மரம்.

ஆடு மேய்க்கும் செல்லக்கிளி குறுக்கே நின்று கத்தினார்: “ஏய், இது நம்ம வன்னிடா!”

இயந்திரத்தை ஓட்டியவர் சிரித்தார். “ஆத்தா, இது சீமைக்கருவேலமான்னு கவர்மெண்டு கேட்டுச்சு. போட்டோவப் பாத்து ஆயிரம் பேரு ஆமான்னு போன்ல அமுக்கிட்டாங்க.”

“அவுங்கள்ல ஒருத்தனாச்சும் இதுல முள்ளுக் குத்துப்பட்டிருக்கானா?”

அயல்மரத்துக்குப் பதில் நாட்டு மரம் என்று சொல்லி, இயந்திரத்தோடு வந்தவர்கள் அதே குழியில் விரல் நீள வன்னிக் கன்று ஒன்றை நட்டுச் சென்றனர். இன்று நண்பகல் வெயிலில் செல்லக்கிளியின் ஆடுகள் மூன்று செத்தன.

நகரத்தில் அமர்ந்து அந்தப் படத்திற்கு ‘ஆம்’ என்று அழுத்திய வாசகரே, உடனே புறப்பட்டு வாரும். கன்று மரமாகும்வரை, எஞ்சிய ஆடுகளுக்கு நீரே குடை பிடியும்.