முப்பத்தொன்றாவது வளையம்

பில்லியர்ட்ஸ் ஆடும் ராய்ஸின் குச்சிக்கு நான் கருங்காலியில் கைப்பிடியும் மேப்பிள் மரத்தில் தண்டும் கடைந்தேன். தண்டின் வெட்டுமுகத்தில் மரம் வளர்ந்த ஆண்டு வளையங்கள் பன்னிரண்டு. வளையங்கள் நெருக்கமாக இருந்தால் அடி பிசகாது என்று விஸ்கான்சினில் எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் எண்ணுவார்கள்.

மார்ச்சில் குச்சியின் தோல்முனையை மாற்ற ராய்ஸ் கொண்டுவந்தான். தண்டைக் கழற்றி எண்ணினேன். பதினெட்டு. பருமன் மயிரிழைகூட மாறவில்லை.

"ஆறு ஆட்டம் ஜெயிச்சேன் ஆர்லோ, ஆறு வளையம் கூடியிருக்கு," என்று சிரித்தான். "உன் மரம் என்னை மாதிரியே, ஆட ஆடத்தான் தேறுது."

மே மாதம் மறுபடி வந்தான். முப்பத்தொன்று. குச்சியை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"இத இங்கயே வெச்சிட்டுப் போடா. வேற செஞ்சு தரேன்."

"நாளைக்கு ஃபைனல். விறகுக்கட்டையோட போகச் சொல்றியா, கிழவா? குடு."

கையை நீட்டினான். உள்ளங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் வழவழவென்று இருந்தது. விரல் நுனிகளிலும் ரேகை ஒன்றுமில்லை. கட்டைவிரலுக்குக் கீழே ஆயுள் ரேகை ஒன்று மட்டும் மிச்சமிருந்தது.