சாஃப்ட்வேருக்கு ஒரு நன்றி

வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராகப் போய், கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். சுட்டது.

"மத்தியானம் பூரா படமா?"

சோபாவில் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான் கணவன். "ஆமா... ஒண்ணு பார்த்தேன்."

"துவைச்ச துணி குவியலா கிடக்கு. பாத்திரம் போட்டது போட்டபடி இருக்கு. ரெண்டு மணிக்கே வீட்டுக்கு வந்துடறீங்க இல்ல?"

"மறந்துட்டேன்மா. இதோ பண்ணிடறேன்."

அவனுக்குப் பார்சல் ஆபீஸில் வேலை. மூட்டை மேல் ஒட்டிய சீட்டையும் கையிலுள்ள பட்டியலையும் ஒத்துப் பார்த்து அனுப்ப வேண்டும். காலை ஆறு மணிக்குப் போனால் மத்தியானம் இரண்டுக்கு வேலை முடிந்துவிடும்.

அவளுக்குப் பகலெல்லாம் ஆய்வகம், சாயங்காலமெல்லாம் ஆய்வேடு. நத்தைகளைப் பற்றிய ஆராய்ச்சி. ஏழு வருஷமாக நடக்கிறது. "நத்தையைப் பத்தி எழுதறதுன்னா நத்தை மாதிரியேவா எழுதணும்?" என்று நாத்தனார் போனில் கேட்காத வாரமில்லை.

இந்த வெள்ளிக்கிழமை கெடு. ஏற்கெனவே இரண்டு தடவை நீட்டித்து வாங்கியாகிவிட்டது. இதையும் விட்டால் பதிவு ரத்து. ஏழு வருஷமும் அம்பேல்.

எழுதுவதெல்லாம் எழுதி முடித்துவிட்டாள். வில்லங்கம் மேற்கோள் பட்டியலில்தான். மேற்கோள்களைத் தொகுத்து வைக்கும் சாஃப்ட்வேரில் அறுநூற்றுப் பதினொரு கட்டுரைகளின் பெயர்களும் வரிசையாக இருந்தன. ஆனால் கட்டுரைகளின் பிடிஎஃப்கள் எதனோடும் இணைக்கப்படாமல், 'டவுன்லோட் 1', 'டவுன்லோட் 2' என்று தனி ஃபோல்டரில் குப்பையாகக் கிடந்தன.

"எந்தப் பேரைத் தட்டினாலும் அந்தக் கட்டுரை திறக்கணும். இல்லேன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று வழிகாட்டி மேடம் இரண்டு வாரத்துக்கு முன்பே கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து அழுதபோது, "நான் வேணா கொஞ்சம் சேர்த்துத் தரட்டுமா?" என்று கேட்டான் கணவன்.

"வேண்டாம் சாமி. இது ஒண்ணும் பார்சல் இல்ல. ஒண்ணு மாறினாலும் என் மானம் போயிடும். என் ஆராய்ச்சிப் பக்கம் மட்டும் கையை வைக்காதீங்க."

அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள்தான் அந்த அதிசயம் நடந்தது. சாஃப்ட்வேரைத் திறந்ததும் 'அப்டேட் முடிந்தது' என்று ஒரு கட்டம் வந்தது. பார்த்தால், ஐம்பது கட்டுரைகளுக்குப் பக்கத்தில் பிடிஎஃப் இணைந்திருப்பதைக் காட்டும் சின்ன கிளிப் படம். ஒன்றைத் தட்டினாள். சரியான கட்டுரை திறந்தது. அதற்கு மறுநாள் நூறாயிற்று. இன்றைக்கு ஐந்நூறைத் தாண்டியிருந்தது.

"என்னங்க, தங்கமான சாஃப்ட்வேருங்க இது. தானா கண்டுபிடிச்சு, தானா சேர்க்குது. கையெடுத்துக் கும்பிடலாம்போல இருக்கு."

"அப்படியா?" பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டான் அவன். "நல்ல சாஃப்ட்வேர்தான் போல."

"மெஷினுக்கு இருக்கற அக்கறை வீட்டுல மனுஷங்களுக்கும் இருந்தா தேவலை."

அவன் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டான்.

வியாழக்கிழமை பார்த்தபோது பட்டியலின் கடைசிவரை கிளிப் படம் வந்திருந்தது. மனசு நிறைந்து நன்றியுரை எழுத உட்கார்ந்தாள். மேடத்துக்கு ஒரு பத்தி. ஆய்வகத் தோழிகளுக்கு ஒன்று. மழையில் நனைந்து நத்தை பிடித்துத் தந்த தோட்டக்காரருக்கு ஒன்று. 'இக்கட்டான நேரத்தில் கைகொடுத்த சாஃப்ட்வேருக்கும், அதை உருவாக்கிய முகம் தெரியாத நல்லவர்களுக்கும்' என்று ஒரு நீளமான வரி. அதற்குக் கீழே, 'கணவருக்கும் குடும்பத்தாருக்கும்' என்று வழக்கமாக எல்லோரும் போடுகிற அரை வரி.

வெள்ளிக்கிழமை மேடம் தன் அறையில் பட்டியலைத் திறந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டிப் பார்த்தார். எல்லாம் திறந்தன.

"பரவாயில்லையே. யாரு பண்ணினது?"

"சாஃப்ட்வேரே பண்ணிடுச்சு மேடம். புது அப்டேட்."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதெல்லாம் எழுபது, எண்பது வருஷத்துக்கு முந்தின பக்கங்கள்மா. ஸ்கேன் பண்ணின வெறும் படம். நம்ம சாஃப்ட்வேருக்கு இதுல ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. யாரோ ஒவ்வொண்ணா திறந்து, தலைப்பை எழுத்துக்கூட்டி ஒத்துப் பார்த்துத்தான் சேர்த்திருக்காங்க."

"இல்ல மேடம், வீட்டுல வேற யாரும்..." சொல்லும்போதே அவள் குரல் தேய்ந்தது.

மேடம் பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள். இரண்டுக்கும் கிளிப் படம் இல்லை. குறிப்பு எழுதும் கட்டத்தில் மட்டும் ஏதோ இருந்தது. அதைப் படித்த மேடம், "ரெண்டு நிமிஷ வேலை. நீ இதைச் சேர்த்ததும் கையெழுத்துப் போட்டுடறேன்" என்று திரையை அவள் பக்கம் திருப்பினார்.

'இந்த ரெண்டுக்கும் ஒரே தலைப்பு, ஒரே ஆள் பேரு. எது எதோடதுன்னு எனக்குப் புரியல. தப்பா சேர்த்தா உனக்குத்தான் கெட்ட பேரு. மத்த அறுநூத்தி ஒன்பதையும் ரெண்டு ரெண்டு தடவை சரிபார்த்துட்டேன்.'

அவளுக்குக் கண்ணை மறைத்தது. யார் யாருக்கெல்லாமோ பத்தி பத்தியாக நன்றி எழுதியவளுக்கு, நன்றி என்றால் நெஞ்சில் எங்கே வலிக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. துடைத்துக்கொண்டு மிச்சத்தைப் படித்தாள்.

'உன்கிட்டயே கேட்டிருப்பேன். பயமா இருந்துச்சு.'