நாய்க்கு அரைப் பக்கம்

தையல்காரி முதல் பகுதியை மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.

அட்டையில் நாவல் என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பதெல்லாம் நடந்தது. நடந்ததும் இந்தத் தெருவில்தான். மூலை வீட்டில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரையும் அவர் மனைவியையும் ஒருவன் கொன்றுவிட்டுப் போனான் அல்லவா, அந்தக் கதை.

முதல் பகுதி முழுக்கக் கொலைக்கு முந்தின நாள். தெருவே அதில் நடமாடியது, இவள் ஒருத்தியைத் தவிர.

எதிர்வீட்டுக்காரி மாடியில் துணி உலர்த்தினாள். அதுவும் ‘மெலிந்த பெண்மணி’ என்ற பட்டத்தோடு! எழுத்தாளருக்கு எந்தக் கடையில் கண்ணாடி போட்டார்களோ.

முடிவெட்டும் கடை வாசலில் கிடக்கும் நாய்கூட அரைப் பக்கத்துக்குப் படுத்திருந்தது.

எழுத்தாளர் விசாரிக்க வந்தபோது, அவரைத் தெருமுனையிலேயே மடக்கியது இவள்தான். மெஷினை நிறுத்திவிட்டு இரண்டு நாள் தொண்டை வறளச் சொன்னாள். செத்துப்போனவளின் இடுப்பளவிலிருந்து, அவள் மகன் ஏன் வீட்டுப்படி மிதிப்பதில்லை என்பது வரைக்கும். மனிதர் தலையைத் தலையை ஆட்டினார். போகும்போது சட்டைக்குப் பொத்தானும் ஓசியில் தைத்துக்கொண்டு போனார்.

அதை நம்பித்தான், புத்தகத்தில் தான் வரப்போவதாகத் துணி கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். இனி அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

“இப்படி அந்த வயசுல படிச்சிருந்தா இந்நேரம் எங்கேயோ போயிருப்ப” என்றார் புருஷன்.

“உங்களைப் பத்தியும்தான் ஒரு வரி இல்ல. பேசாம இருங்க.”

படித்த பத்திகளில், துணியில் குறி போடும் சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டே வந்தாள். கொலைகாரன் வரும் பத்திகளில் மட்டும் கோடு இல்லை. ஒவ்வொரு முறையும் அவற்றைத் தாண்டிவிடுவாள். அந்தப் பாவி இருக்கும் இடத்தில் தனக்கு என்ன வேலை?

இந்தத் தடவை எரிச்சலில் அதையும் படித்தாள்.

‘கால்சட்டையின் விளிம்பை மடித்துத் தைக்கக் கொடுத்துவிட்டு, அங்கேயே ஸ்டூலில் காத்திருந்தான். தானாக எதையும் விசாரிக்கவில்லை என்று பின்னர் வாக்குமூலத்தில் சொன்னான். மகன் வருவதில்லை, கடைப் பணம் இரவில் வீட்டுக்கு வரும், பின்கதவின் தாழ்ப்பாள் சரியாக விழாது. இரண்டு கால்களும் தைத்து முடிவதற்குள் அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.’

பெயர் இல்லை. மெலிந்தவளா பருத்தவளா என்றும் இல்லை.

பேப்பரில் வந்த படத்தில் அவன் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். ஆனால் அந்தக் கால்சட்டை இப்போது ஞாபகம் வந்தது. சாம்பல் நிறம். இடது காலைக் கொஞ்சம் இறக்கித் தைக்கச் சொன்னான். நல்ல பிள்ளை, குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

சாக்பீஸ் விரலில் நொறுங்கியது.

“என்னக்கா, கிடைச்சுதா?” எதிர்வீட்டுக்காரி பாவாடையை இறுக்கித் தைக்கக் கொண்டுவந்திருந்தாள்.

“எங்கடி! என்னப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.”

“ஆமாக்கா” என்றாள் அவள், பாவாடையை மடித்தபடி, நிமிராமல். “நானும் மூணு தடவை படிச்சேன். இல்லவே இல்ல.”